ஒட்டக எலும்பில் எழுதிப் பழகிய இளவரசி

ஸான்சிபார் அரண்மனையில் பெண்பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுப்பார்கள். எழுதக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். சுல்தானின் மகள்களில் ஒருத்தியான சையிதா சல்மேவுக்கு அது போதவில்லை. அந்த ஊரில் சிலேட்டுக்குப் பதிலாகப் புழங்கியது வெளுத்துப்போன ஒட்டகத் தோள்பட்டை எலும்பு. அப்படி ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டாள். குர்ஆனைத் திறந்து, அதிலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆளில்லாத நேரத்தில் எலும்பின்மேல் எழுதிப் பழகினாள். விஷயம் வெளியே தெரிந்ததும் நன்றாகத் திட்டு வாங்கினாள். ஆனாலும் விடவில்லை.

அவள் வாழ்க்கையின் பெரிய திருப்பங்கள் பலவற்றுக்கும் அந்த எலும்புதான் தொடக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதத் தெரிந்ததால்தான் 15 வயதில் அரண்மனைச் சதி ஒன்றுக்குள் இழுக்கப்பட்டாள். பின்னாளில் ஜெர்மனியில் எமிலி ரூட்டே என்ற பெயரில், மூன்று குழந்தைகளோடு தனியாக நின்றபோது, கையில் மிஞ்சியதும் எழுத்துதான். 1886ல் பெர்லினில் வெளியான ‘ஓர் அரபு இளவரசியின் நினைவுக் குறிப்புகள்’ என்ற அவரது நூலை, அரபுப் பெண் ஒருவர் எழுதி அச்சில் வந்த முதல் தன்வரலாறாகக் கருதுகிறார்கள்.

அவர் பிறந்த வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். தந்தை சயீத் பின் சுல்தான் ஓமானின் ஆட்சியாளர். மஸ்கட்டிலிருந்து ஆண்டுகொண்டிருந்தவர், ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான ஸான்சிபாரின் வளத்தைக் கண்டு தலைநகரையே அங்கே மாற்றினார். கிராம்பு அந்தத் தீவுக்கு வெளியிலிருந்து வந்த பயிர். ஒரு தென்னைக்கு மூன்று கிராம்பு மரம் நட வேண்டும் என்று நில உடைமையாளர்களுக்கு அவர் உத்தரவு போட்டார். சில பத்தாண்டுகளில் உலகச் சந்தைக் கிராம்பில் பெரும்பங்கு அங்கிருந்து போனது. கப்பல் கப்பலாக பம்பாய்க்கும் வந்து இறங்கியது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்க உள்நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் இதற்குத் திரும்ப வர வேண்டியிருக்கும்.

1844 ஆகஸ்ட் 30 அன்று பைத் எல் எம்டோனி என்ற கடலோர அரண்மனையில் சல்மே பிறந்தாள். ஓடைக்கரை வீடு என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். சுமார் ஆயிரம் பேர் வாழ்ந்த வீடு அது என்று அவரே கணக்குச் சொல்கிறார். முற்றத்தில் மயில்களும் மான்களும் நெருப்புக்கோழிகளும் திரிந்தன. வீட்டில் பேசப்பட்ட மொழிகளை அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவது அழகு: அரபி, சுவாஹிலி, பாரசீகம், துருக்கி, செர்க்காசியம், நூபியம், அபிசீனியம். சுல்தான் முன்னால் அரபிதான் பேச வேண்டும் என்பது சட்டம். அவர் தலை மறைந்ததும் அவரவர் மொழி வெளியே வரும்.

அப்பா இறந்தபோது உயிரோடிருந்த பிள்ளைகள் 36 பேர். எல்லோருமே ‘சராரி’ எனப்பட்ட, விலைக்கு வாங்கப்பட்ட துணைவியரின் பிள்ளைகள். ஓமான் அரச குடும்பத்தைச் சேர்ந்த பட்டத்தரசிக்குக் குழந்தை இல்லை. துணைவியரின் பிள்ளைகளுக்குச் சட்டப்படி முழு உரிமை உண்டு, அதில் குறையில்லை. ஆனால் தாய் எந்த நாட்டுக்காரி என்பதை வைத்துப் பிள்ளைகளுக்குள் கட்சி இருந்தது. காகசஸ் மலைப் பகுதியிலிருந்து வந்த செர்க்காசியத் தாய்மாரின் பிள்ளைகளில் சிலருக்கு நீலக் கண். அபிசீனிய, அதாவது எத்தியோப்பியத் தாய்மாரின் பிள்ளைகள் இவர்களைப் ‘பூனைகள்’ என்று கேலி செய்வார்களாம். சல்மேயும் ஒரு பூனைதான். இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் வாழ்ந்தவர் என்று அவரைப் பற்றி எழுதும்போது ஸான்சிபாரை ஒன்றாகவும் ஜெர்மனியை இன்னொன்றாகவும் வைத்துக்கொள்கிறோம். அது முழு உண்மையல்ல. ஐரோப்பாவைப் பார்ப்பதற்கு முன்பே, பிறந்த வீட்டுக்குள்ளேயே அவர் பல உலகங்களுக்கு நடுவில்தான் வளர்ந்தார்.

தாயின் கதை இன்னும் கனமானது. ஜில்ஃபிதான் செர்க்காசிய நாட்டில் ஒரு குடியானவக் குடும்பத்தில் பிறந்தவர். போர்க் காலத்தில் கொள்ளைக் கூட்டம் ஒன்று பெற்றோரைக் கொன்றுவிட்டு, அவரையும் உடன்பிறந்த இருவரையும் தூக்கிக்கொண்டு போனது. மூவரும் ஆளுக்கொரு திசையில் பிரிக்கப்பட்டார்கள். சுல்தானின் வீட்டுக்கு வந்தபோது ஜில்ஃபிதானுக்கு ஏழோ எட்டோ வயது இருக்கலாம். இதை மகள் எப்படிக் கணக்கிடுகிறார் தெரியுமா? அம்மாவுக்கு முதல் பால் பல் விழுந்தது இந்த வீட்டில்தான் என்பதை வைத்து. அந்த ஒரு வரியில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

கொஞ்சம் வளர்ந்ததும் தாயும் மகளும் அண்ணன் மஜீதோடு வேறு மாளிகைக்குக் குடிபோனார்கள். அங்கே குதிரை ஏறவும் துப்பாக்கி சுடவும் பழகினாள். சேவல் சண்டையும் பார்த்தாள். 1856ல் ஓமானிலிருந்து திரும்பும் வழியில் கடலிலேயே சயீத் இறந்தார். ஓமான் ஒரு மகனுக்கும் ஸான்சிபார் மஜீதுக்கும் என ராஜ்யம் பிரிந்தது. சல்மேயை 12 வயதில் சட்டப்படி வயது வந்தவளாக அறிவித்து, வீட்டோடு கூடிய தோட்டமும் பணமும் அவள் பங்காகக் கொடுத்தார்கள். சொத்து அவள் பெயரில், அவள் கையில். இந்த 12 வயதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளில் தாயும் காலராவில் போய்விட்டார்.

அப்புறம் 1859. மஜீதின் தம்பி பர்கஷ் ஆட்சியைப் பிடிக்கத் திட்டம் போட்டார். அக்கா கவ்லா அந்தப் பக்கம். சல்மேவுக்கு மஜீதின் மேல் பாசம் அதிகம், ஆனால் கவ்லாவின் மேல் அதைவிட அதிகம். சதி என்றால் கடிதம் போக வேண்டும், வர வேண்டும். நம்பிக்கையான கை வேண்டும். கூட்டத்தில் எழுதத் தெரிந்த கை அவளுடையது. 15 வயதுப் பெண் கிளர்ச்சிக்கே செயலாளரானாள். அவள் எழுதிய கடிதங்களில் ஆயுதமும் வெடிமருந்தும் கேட்டவை உண்டு. பிரிட்டிஷ் போர்க்கப்பலின் துணையோடு மஜீத் கிளர்ச்சியை அடக்கினார். பர்கஷ் பம்பாய்க்கு நாடு கடத்தப்பட்டார். சல்மே புபுபு என்ற கிராமத்துப் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள். சில காலம் கழித்து மஜீத் சமாதானத்துக்கு வந்தபோது ஏற்றுக்கொண்டாள். அதை பர்கஷ் கடைசிவரை மன்னிக்கவில்லை.

நகரத்துக்குத் திரும்பி வந்து குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஹைன்ரிக் ரூட்டே என்ற ஹாம்பர்க் வணிகர் இருந்தார். அவர் வீட்டு மொட்டைமாடி இவர் வீட்டு ஜன்னலுக்குக் கொஞ்சம் கீழே. ஐரோப்பியர்கள் கூடி விருந்து சாப்பிடுவதை மேலிருந்து பார்க்கலாம். பேச்சு சுவாஹிலியில் வளர்ந்தது. சல்மே கர்ப்பமானார். மணமாகாத முஸ்லிம் இளவரசி, கிறிஸ்தவ வணிகர் என்ற நிலையில் அது உயிருக்கே ஆபத்து. 1866 ஆகஸ்டில், ஊர்ப் பெண்கள் எல்லாரும் கடலில் குளிக்கப் போகும் சுவாஹிலிப் புத்தாண்டு விழா இரவில், ‘ஹைஃப்ளையர்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறி ஏடனுக்குத் தப்பினார்.

இந்தக் கட்டத்தை உருகி உருகிக் காதல் கதையாகச் சொல்பவர்கள் இன்றும் நிறைய. ஆனால் அவர் எழுதிய நூலில் காதலுக்கு ஒரு சில பக்கங்கள்தான். கர்ப்பத்தைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. ஏடனில் டிசம்பரில் ஒரு மகன் பிறந்தான். 1867 மே 30 அன்று ரூட்டே வந்து சேர்ந்ததும் ஞானஸ்நானம், எமிலி என்ற புதுப் பெயர், கையோடு திருமணம். ஜெர்மனிக்குப் போகும் வழியில் பிரான்சில் ரயிலிலேயே குழந்தை இறந்தது. ஒரே ஆண்டுக்குள் ஊர், பெயர், மதம், மொழி, முதல் பிள்ளை எல்லாம் போய்விட்டன. அப்போது அவருக்கு வயது 22.

ஹாம்பர்க் வாழ்க்கையைப் பற்றித் தன் கடிதங்களில் அவர் சொல்வது நெஞ்சை அடைக்கும். கணவர் காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் வருவார். அதுவரை வீட்டில் இருக்கும் யாரோடும் பேச ஒரு மொழி இல்லை. ஆயிரம் பேர் புழங்கிய வீட்டில் பிறந்தவர் பூட்டிய கதவுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். குளிர், வெயிலே இல்லாத நாட்கள், வாயில் வைக்க முடியாத சாப்பாடு. தெருவில் போனால் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். ஆனாலும் ஜெர்மன் கற்றார். 1868 முதல் 1870 வரை ஆண்டுக்கு ஒன்றாக மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள்: அந்தோனி தவ்கா, ருடால்ப் சயீத், ரோசலி குஸா. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜெர்மன் பெயர், ஓர் அரபுப் பெயர்.

1870 ஆகஸ்டில் குதிரை டிராமிலிருந்து இறங்கும்போது ஏற்பட்ட விபத்தில் ரூட்டே இறந்தார். கடைசிக் குழந்தைக்கு நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எமிலிக்கு 26 வயது நிறையவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஸான்சிபாரில் மஜீதும் இறந்தார், சுல்தானானவர் பர்கஷ்.

ஸான்சிபாரில் 12 வயதில் தன் சொத்துக்குத் தானே பொறுப்பானவர், ஹாம்பர்க்கில் 25 வயதில் விதவையானதும் அந்த உரிமையை இழந்தார். சட்டப்படி பாதுகாவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். பணத்தைப் பற்றி அவர்கள்தான் முடிவு செய்தார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி கரைந்தும் போனது. கீழ்நாட்டுப் பெண் பாவம், அடைபட்டுக் கிடக்கிறாள், மேல்நாட்டுப் பெண் சுதந்திரமானவள் என்று சுற்றியிருந்தவர்கள் அவரிடமே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவரது நூலில் ‘கிழக்கில் பெண்களின் நிலை’ பற்றிய பகுதியில் இருக்கும் கோபம் எங்கிருந்து வந்தது என்று இதற்குப் பிறகு விளக்கத் தேவையில்லை. அரபுப் பெண்ணின் சொத்து அவளுடையது, கணவன் தொட முடியாது என்று அவர் அழுத்திச் சொல்வது ஏட்டறிவு அல்ல. இரண்டு சட்டங்களின் கீழும் வாழ்ந்து பார்த்தவரின் பேச்சு.

அதே பகுதியில் தந்தையின் அத்தை ஒருவரின் கதையையும் சொல்கிறார். சயீத் சிறுவனாக இருந்தபோது மஸ்கட்டை ஆண்ட அந்தப் பெண்மணி, முற்றுகைக் காலத்தில் இரவில் ஆண் வேடமிட்டுக் குதிரையில் போய்க் காவல் நிலைகளைச் சோதிப்பாராம். எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்கும் தொனி அதில் கேட்கிறது. சில வாரங்கள் கீழ்நாட்டில் தங்கிவிட்டுப் பெரிய புத்தகம் எழுதும் ஐரோப்பியப் பயணிகளை அவர் விடுவதாக இல்லை.

பிழைப்புக்காக அவர் ஊர் ஊராக மாறினார்: டிரெஸ்டன், ருடோல்ஸ்டாட், பெர்லின். அரபி சொல்லிக்கொடுத்துக் கொஞ்சம் சம்பாதித்தார். 1870களின் பிற்பகுதியில், உடல்நிலை மோசமாக இருந்த காலத்தில்தான் எழுத ஆரம்பித்தார். பிள்ளைகள் வளர்வதற்குள் தான் போய்விட்டால், தாங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை என்ற பயம். அச்சிடும் எண்ணம் முதலில் இல்லை என்று முன்னுரையில் சொல்கிறார். படித்துப் பார்த்தால் அது உண்மை என்று படுகிறது. வீட்டுக் கூடத்தில் எத்தனை கண்ணாடி, நோன்புப் பெருநாளுக்கு என்ன உடை, குழந்தை பிறந்தால் என்ன சடங்கு என்று அவ்வளவு நுணுக்கம். பாட்டி வீட்டைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு ஒரு தாய் சொல்லும் சொல்முறை அது.

இப்போது அடிமை முறைக்கு வருகிறேன். நூலில் அதற்குத் தனிப் பகுதி உண்டு. அதில் எமிலி அடிமை முறைக்குப் பரிந்து பேசுகிறார். அரபு வீடுகளில் அடிமைகள் நன்றாக நடத்தப்பட்டார்கள், அமெரிக்கத் தோட்டங்களோடு ஒப்பிடக் கூடாது என்கிறார். கறுப்பர்கள் சோம்பேறிகள் என்கிறார். பிரிட்டன் ஆயிரக்கணக்கானவர்களை விடுவித்துவிட்டு, சோற்றுக்கு வழி செய்யாமல் கைவிட்டது என்று குற்றம் சாட்டுகிறார். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. மற்றவற்றில் இல்லை. கிராம்புத் தோட்டத்தின் உடைமைக்காரி பேசுகிறார், அவ்வளவுதான். அவர் காலத்தை வைத்து இதை மன்னித்துவிடலாம் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏனென்றால் பெற்றோரை இழந்து, உடன்பிறந்தாரைப் பிரிந்து, பால் பல் விழும் முன்னே விற்கப்பட்ட ஒரு குழந்தையின் மகள் அவர். அந்தக் கதையை அத்தனை பரிவோடு முதல் பக்கங்களில் எழுதியவரும் அவரே. இரண்டையும் ஒரே கை எழுதியிருக்கிறது. அம்மாவை அவர் அடிமையாக நினைத்ததே இல்லை போலும். அரண்மனைக்கு வந்து சேர்ந்தவள் என்றே நினைத்தார். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அவர் கண்ணுக்கு முகமில்லாத கூட்டமாகவே இருந்தார்கள்.

ஹாம்பர்க் நகரம் 2019ல் ஒரு சிறு சதுக்கத்துக்கு அவர் பெயரை வைத்தது. இந்தப் பக்கங்களைச் சுட்டிக்காட்டி எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். அதற்காக நூலைப் படிக்காமல் விடக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

அரசியலில் அவர் பட்டது தனிக்கதை. 1875ல் பர்கஷ் லண்டனுக்கு வந்தபோது, அண்ணன் காலில் விழுந்தாவது பங்கைக் கேட்கலாம் என்று எமிலியும் போனார். பிரிட்டிஷ் அரசின் சார்பில் சர் பார்ட்டில் ஃப்ரெர் ஓர் ஏற்பாட்டோடு வந்தார்: சுல்தானைச் சந்திக்காமல் இருந்தால் உங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தை அரசு பார்த்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பர்கஷிடம் அடிமைச் சந்தையை மூடும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவர் மனம் கோணக் கூடாது என்பது அவர்கள் கவலை. எமிலி நம்பி ஒதுங்கினார். பர்கஷ் ஊர் திரும்பிய பிறகு, நீங்கள் ஜெர்மன் குடிமகள், உங்களுக்கு உதவுவது எங்கள் வேலையல்ல என்று பதில் வந்தது.

பத்தாண்டு கழித்து ஜெர்மனியின் முறை. 1885ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலம் பிடித்த பிஸ்மார்க்கின் அரசு, பர்கஷை மிரட்டிப் பணியவைக்க ஸான்சிபாருக்கு ஒரு கடற்படையை அனுப்பியது. அதோடு எமிலியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனது. ஜெர்மன் குடிமகளான சுல்தானின் தங்கை தன் பங்கைக் கேட்கிறாள், அவளுக்கு ஒரு தீங்கு நேர்ந்தால் தலையிடக் காரணம் கிடைக்கும் என்பது கணக்கு. எமிலிக்கு இது ஓரளவு புரிந்தேயிருக்கும். ஆனால் 19 ஆண்டு கழித்து ஊரைப் பார்க்கப் போகிறவருக்கு எந்தக் கப்பல் என்பதா முக்கியம்? தெருக்களில் ஜனங்கள் கூடினார்கள், விடைபெறும்போது ‘குவாஹேரி பீபி’, போய் வாருங்கள் அம்மா என்றார்கள். பிறந்த வீடான பைத் எல் எம்டோனி இடிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். பர்கஷ் கடைசிவரை முகம் கொடுக்கவில்லை. கேட்ட ஒப்பந்தம் பெர்லினுக்குக் கிடைத்துவிட்டது, எமிலியின் கோரிக்கை கிடப்பில் போனது.

அந்த நூலின் முடிவில் அவர் தன்னைப் பற்றிச் சொல்வதன் சாரம் இது: ஊரைவிட்டுக் கிளம்பும்போது முழு அரபுப் பெண்ணாக, நல்ல முஸ்லிமாகக் கிளம்பினேன், இப்போது ஒரு மோசமான கிறிஸ்தவள், பாதிக்குச் சற்று மேல் ஜெர்மன்காரி. நூல் வெளியானதும் பரவலாக வாசிக்கப்பட்டது. 1888ல் ஆங்கிலத்திலும் வந்தது. பங்கு மட்டும் கிடைக்கவில்லை.

பர்கஷ் இறந்த 1888ல் இன்னொரு முறை ஸான்சிபார் போய் வெறுங்கையோடு திரும்பினார். அதற்குப் பிறகு ஜெர்மனியில் இருக்க மனம் வரவில்லை. யாஃபாவிலும், பிறகு நீண்ட காலம் பெய்ரூட்டிலும் வாழ்ந்தார். ஸான்சிபார் இல்லையென்றாலும் காதில் அரபி விழும் ஊர்கள். 1914ல்தான் ஜெர்மனிக்கு வந்தார். 1922ல், அவருக்கு 77 வயதானபோது, ஸான்சிபார் அரசு ஆண்டுக்கு 100 பவுண்டு உதவித்தொகை ஒதுக்கியது. 1924 பிப்ரவரி 29 அன்று யேனா நகரில் நிமோனியாவில் இறந்தார். ஹாம்பர்க்கின் ஓல்ஸ்டார்ஃப் கல்லறையில், கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் இத்தனை ஊர்களுக்கும் கூடவே கொண்டுபோய் வைத்திருந்த ஸான்சிபார் கடற்கரை மணல் பையையும் அவரோடு வைத்தார்கள்.

மகன் ருடால்ப் சயீத் பிற்காலத்தில் தாத்தாவின் வரலாற்றை எழுதினார். தன் நூலகத்தை லெய்டனில் இருந்த கீழைத்தேய ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுத்தார். எமிலி அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த இன்னொரு கையெழுத்துப் பிரதி, ‘ஊருக்குக் கடிதங்கள்’, 1993ல்தான் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஹாம்பர்க் நாட்களின் தனிமையையும் விதவை வாழ்க்கையையும் பற்றி மேலே நான் சொன்னவற்றில் பெரும்பகுதி அதில் இருப்பதுதான். நினைவுக் குறிப்புகளை ஐரோப்பியர் படிப்பார்கள் என்று தெரிந்து, தலை நிமிர்த்தி எழுதினார். கடிதங்களில் அழுகிறார். அவை ஸான்சிபாரில் இருக்கும், பெயர் சொல்லப்படாத ஒரு தோழிக்கு எழுதப்பட்டவை. எழுதிய மொழி ஜெர்மன். அந்தத் தோழி ஓதத் தெரிந்தவளாகவே இருந்திருந்தாலும், அந்தக் கடிதங்களில் ஒரு வரியைக்கூடப் படித்திருக்க முடியாது.